மழலைக்குச் செவிசாய்த்த கவிமணி

நுழையும்முன்

குழந்தை தலை நிமிர்த்துகிறது, தவழ்கிறது, கைகொட்டுகிறது, ஒருநாள் முதற்சொல்லைச் சொல்கிறது. நாட்காட்டியில் குறிக்கப்படாத இந்நாள்கள் எல்லாம் பெற்றோருக்குத் திருநாள்களே. இத்திருநாள்களின் மகிழ்ச்சியை எளிய பாட்டுகளாக்கித் தமிழ்க் குழந்தைகளுக்கு வழங்கிய புலவர் ஒருவர் நாஞ்சில் நாட்டில் வாழ்ந்தார். அவருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் பெற்றவர் நெஞ்சத்தை அவரைப்போல் அறிந்தவர் அரியர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

தேரூரில் பிறந்த பிள்ளை

கன்னியாகுமரி மாவட்டத்தின் அகத்தீசுவரம், தோவாளை வட்டங்களை உள்ளடக்கிய வளமான வயல்நிலம் நாஞ்சில் நாடு எனப்படும். அதன் பழம்பெரும் வணிக ஊர் கோட்டாறு. இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் இவ்வூர், சோழர் ஆட்சிக் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்னும் பெயரும் பெற்றிருந்தது. சந்தையாலும் சவேரியார் பேராலயத்தாலும் சுற்றுவட்டார மக்கள் அனைவருக்கும் அறிமுகமான ஊர் இது.

கோட்டாற்றுக்கு அருகில், சுசீந்திரத்தை அடுத்துள்ள சிற்றூர் தேரூர். அங்கு 1876ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை, தாயார் ஆதிலட்சுமி. இரண்டு பெண்மக்களுக்குப் பின் பிறந்த ஆண்மகவு ஆதலின், வீட்டார் அவரைப் பெரிதும் போற்றி வளர்த்தனர். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவருடைய ஒன்பதாம் வயதில் தந்தையார் மறைந்தார். தந்தையின்றி வளரும் பிள்ளையின் நிலை எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார். பின்னாளில் பிள்ளைகளின் உரிமைக்காக அவர் எழுதிய நூலைப் படிக்கும்போது இந்த இளமைத் துயரம் நம் நினைவுக்கு வரும்.

நாஞ்சில் நாடு அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. எனவே, வீட்டில் தமிழ் பேசிய சிறுவன் பள்ளியில் மலையாளம் கற்க நேர்ந்தது. தேரூரை அடுத்த வாணன்திட்டில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த மடம் ஒன்று இருந்தது. அம்மடத்தின் தலைவராக விளங்கிய சாந்தலிங்கத் தம்பிரான் அச்சிறுவனின் தமிழ்ப்பற்றைக் கண்டு, இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தார். தாயின் வாய்வழி வந்த தமிழும் தம்பிரான் கற்பித்த தமிழும் அவரிடத்தே ஒன்று கலந்தன. பழைய யாப்பில் அன்றாடப் பேச்சின் இனிமை ததும்பப் பாடும் திறம் அவருக்கு வாய்த்ததன் அடிப்படை இதுவே.

கோட்டாற்றுப் பள்ளி ஆசிரியர்

ஆசிரியப் பயிற்சி பெற்ற தேசிகவிநாயகம் பிள்ளை, கோட்டாற்றுத் தொடக்கப்பள்ளியில் பணியாற்றினார். பின்னர் நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான போதனாமுறைப் பாடசாலையிலும் பணிபுரிந்தார். 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியப் பணியாற்றி 1931ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் புலவர் பலருக்கும் கிட்டாத வாய்ப்பு ஒன்று உண்டு. சொற்கள் குழந்தையின் நாவில் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதை அவர் நாள்தோறும் கேட்கிறார். எந்தச் சொல் எளிதில் வருகிறது, எது நாவில் சிக்குகிறது, எந்த ஓசையைக் கேட்டால் குழந்தை தானும் சேர்ந்து சொல்கிறது என்பன நூல்களைப் படித்து மட்டும் அறியத்தக்கன அல்ல. தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களில் கடுஞ்சொல்லைக் காண்பது அரிது. குறுகிய அடிகள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள், ஆடுதற்கேற்ற தாளம் ஆகியவையே அவற்றின் இயல்பு. குழந்தையின் வாயளவு அறிந்து ஊட்டும் தாயைப்போல், அதன் நாவளவு அறிந்து சொல் வழங்கியவர் அவர்.

1901ஆம் ஆண்டு புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையாரை அவர் மணந்தார். மனைவியாரைத் தாயி என்றே மதிப்புடன் அழைத்து வந்தார். அவ்விணையருக்குக் குழந்தை பிறக்கவில்லை. தம் தமக்கையின் மகனையே சொந்த மகனாகக் கருதி வளர்த்தார். ஈன்றவர் அல்லாதாரும் பெற்றோர் ஆகலாம் என்பதை அவர் தம் வாழ்க்கையாலேயே காட்டினார்.

அரண்மனையிலிருந்து முற்றத்திற்கு

குழந்தையின் வளர்ச்சியை நுணுகி நோக்கி மகிழும் வழக்கம் தமிழில் தொன்மையானது. மக்களின் மழலையைக் குழலிசைக்கும் யாழிசைக்கும் மேலாக வைத்தார் திருவள்ளுவர். கண்ணனை வளர்த்த யசோதையாகத் தம்மைக் கருதிக்கொண்டு பாடினார் பெரியாழ்வார். அதன்பின் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை தழைத்தது.

தெரிந்து தெளிவோம்

பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலார்க்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன ஆண்பால் பிள்ளைத்தமிழுக்கு உரியன. மூன்றாம் திங்களில் காப்பில் தொடங்கி, ஒன்றுவிட்ட திங்கள்களாக 21ஆம் திங்கள்வரை இப்பருவங்களைக் கொள்வது ஒரு மரபு. தலையை நிமிர்த்தி அசைத்தல் செங்கீரை, தாலாட்டுக் கேட்டல் தால், கைகொட்டல் சப்பாணி, தளர்நடையிட்டு வருதல் வருகை. ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் காலத்தால் முற்பட்டது.

பிள்ளைத்தமிழில் குழந்தையாக வீற்றிருந்தோர் பெரும்பாலும் இறைவரும் அரசரும் சான்றோருமே. ஆனால், செங்கீரை ஆடுவதும் சப்பாணி கொட்டுவதும் உழவர் வீட்டுக் குழந்தைக்கும் உண்டு. அதைக் கண்டு மகிழும் தாயும் தந்தையும் அங்கும் உண்டு. அக்குழந்தையைப் பாட்டின் நடுவில் அமர்த்தியவர்களுள் பாரதியாரும் தேசிகவிநாயகம் பிள்ளையும் முதன்மையானவர்கள். காக்கையை அழைப்பது, கோழியோடு பேசுவது, பொம்மைக்குத் திருமணம் செய்வது எனக் குழந்தையின் அன்றாட உலகம் முழுவதையும் பிள்ளை பாடுபொருளாக்கினார். அவருடைய குழந்தைப் பாடல்கள் குழந்தைச் செல்வம் என்னும் தொகுப்பாக வெளிவந்தன. பிற்காலத்தில் குழந்தைக் கவிஞர் எனப் புகழ்பெற்ற அழ. வள்ளியப்பா போன்றோர் இவ்வழியில் நடந்து அதனை அகலமாக்கினர்.

முதற்சொல்லின் இலக்கணம்

உலகின் பல மொழிகளிலும் குழந்தைகள் முதலில் சொல்லும் சொற்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது வியப்பிற்குரியது. ஏறத்தாழ ஆறு திங்களில் குழந்தை அசைகளை அடுக்கி ஒலிக்கத் தொடங்குகிறது. ஓராண்டு நிறையும் அளவில் பொருளுள்ள முதற்சொல் வருகிறது. இரண்டாம் ஆண்டு நிறைவதற்குள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசப் பழகுகிறது. இக்கால அளவு குழந்தைக்குக் குழந்தை சற்று வேறுபடும்.

இதழ்கள் இரண்டும் பொருந்துவதால் பகரமும் மகரமும் பிறக்கும் எனத் தொல்காப்பியம் பிறப்பியலில் கூறுகிறது. பல் முளைக்கும் முன்னரே குழந்தையால் இதழ்களைச் சேர்க்க இயலும். எனவே அம்மா, அப்பா, மாமா, பாப்பா போன்ற சொற்கள் முதலில் வருகின்றன. நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கவேண்டிய ழகரம் மிகப் பிந்தியே வருகிறது. அதுவரை மழையும் பழமும் வேறு உருவில் ஒலிப்பதைக் கேட்டு வீட்டார் மகிழ்கின்றனர். பிழை என்று திருத்துவோர் இலர். அப்பிழையைத் தாமும் சொல்லிப் பார்ப்போரே பலர். இலக்கணம் வழுவியும் இன்பம் தரும் மொழி மழலை ஒன்றே.

பசுவையும் கன்றையும் பற்றிப் பிள்ளை பாடிய பாடலைத் தமிழ்நாட்டில் அறியாத குழந்தைகள் குறைவு. அதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. உலகில் அம்மா என்று அழைப்பது பிள்ளை, ஓடிவருவது தாய். அப்பாடலிலோ அம்மா என்று குரல் கொடுப்பது தாய்ப்பசு. உடனே அருகில் ஓடுவது கன்று. குழந்தை வாய் திறக்கும் முன்பே தாய் அச்சொல்லைப் பல்லாயிரம் முறை அதன் செவியில் இட்டிருக்கிறாள். குழந்தையின் முதற்சொல் உண்மையில் தாயின் சொல். கொடுத்த சொல் திரும்பி வருவதால்தான் அவளுக்கு அத்தனை மகிழ்ச்சி. துள்ளுவதும் ஓடுவதும் முட்டிக் குடிப்பதும் கன்றின் பருவங்கள். நக்குவதும் முத்தமிடுவதும் தாயின் பூரிப்பு. ஒரு பிள்ளைத்தமிழ் சொல்லும் உறவைச் சில அடிகளில் அவர் அடக்கிவிட்டார்.

பிள்ளைகளின் உரிமைக்குரல்

குழந்தையைக் கொஞ்சுவதோடு தேசிகவிநாயகம் பிள்ளையின் அன்பு நின்றுவிடவில்லை. அவர் பிறந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சமூகத்தில் அக்காலத்தில் மருமக்கள்வழி என்னும் வழக்கம் நிலவியது. ஒருவர் தேடிய செல்வம் அவருடைய மக்களைச் சேராது. உடன்பிறந்த பெண்டிரின் மக்களாகிய மருமக்களையே சேரும். உகந்துடைமை என்னும் பெயரில் மக்களுக்குக் கிட்டுவது சிறுபகுதியே. தந்தை மடியில் தவழ்ந்து, அவர் கைப்பற்றி நடைபழகி, அவர் பெயரை மழலையால் மிழற்றிய குழந்தை, அவர் இறந்த மறுநாளே அவ்வீட்டில் உரிமையற்றதாகிவிடும். கைம்பெண்ணாகிய தாயும் பிள்ளைகளும் தெருவில் நிற்க, வழக்குமன்றங்களில் குடும்பச் சொத்து கரைந்தது.

இக்கொடுமையை நகைச்சுவையும் கண்ணீரும் கலந்து அவர் பாடிய நூல் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம். ஐந்து மனைவியரை மணந்த ஒருவரின் கடைசி மனைவி தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது இந்நூல். முதலில் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1942ஆம் ஆண்டு நூல்வடிவம் பெற்றது. இதற்கிடையில், சமூகத்தார் பலரின் முயற்சியால் 1926ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. மருமக்கள்வழி மாறி, மக்கள்வழிக்கு வழி பிறந்தது. அம்மாற்றத்திற்கு மக்கள் மனத்தைப் பண்படுத்தியதில் பிள்ளையின் பாட்டுக்கும் பங்குண்டு.

இங்கு நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்று. தம் மக்களுக்காக அவர் வாதிடவில்லை. அவருக்கு மக்களே இல்லை. அவர் அன்போடு வளர்த்ததோ தமக்கையின் மகனை; பழைய வழக்கப்படி மருமகனாகிய அவருக்கே உரிமை சேர்ந்திருக்கும். அவ்வழக்கம் நீடிப்பதால் தமக்கு இழப்பேதும் இல்லாத ஒருவர், பிறர் பெற்ற பிள்ளைகளுக்காக அதனை எதிர்த்தார். மழலையைக் கேட்டு மகிழ்பவர், அம்மழலை நாளை அழுகையாகாமல் காக்கவும் கடமைப்பட்டவர் என்பது அவர் வாழ்வு உணர்த்தும் அறம்.

மகிழ்ச்சியின் மறுபக்கம்

பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்பு. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது அது. பெற்றோரின் மகிழ்ச்சிக்குள் அச்சமும் ஒளிந்திருப்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தடுப்பூசியும் நல்ல மருத்துவமும் எளிதில் கிட்டாத அந்நாளில், முதற்சொல்லைக் கேட்கும் முன்பே குழந்தையை இழந்த வீடுகள் பலவாகும்.

எட்வின் ஆர்னால்டு 1879ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட புத்தர் வரலாற்றுக் காவியத்தைத் தழுவி, பிள்ளை ஆசிய ஜோதியைப் படைத்தார். அதில் மகனை இழந்த தாய் ஒருத்தி புத்தரிடம் வருகிறாள். சாவு நிகழாத வீட்டில் கடுகு பெற்றுவருமாறு அவர் பணிக்கிறார். வீடுதோறும் சென்ற அவள், இழப்பில்லாத வீடே இல்லை என்று தெளிகிறாள். கன்றின் துள்ளலைப் பாடிய அதே எளிய தமிழில் இத்தாயின் துயரையும் அவர் பாடினார். தாய் நெஞ்சின் களிப்பு, கலக்கம் ஆகிய இரண்டையும் அறிந்தவர் அவர்.

கவிமணி

1938ஆம் ஆண்டு வெளிவந்த மலரும் மாலையும் என்னும் கவிதைத் தொகுப்பு அவர் புகழைத் தமிழகமெங்கும் பரப்பியது. 1940ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடைபெற்ற விழாவில் தமிழவேள் உமாமகேசுவரனார் அவருக்குக் கவிமணி என்னும் பட்டம் வழங்கினார். அன்று முதல் இயற்பெயரினும் பட்டப்பெயரே வழக்கில் நிலைத்தது. உமர்கய்யாம் பாடல்களைத் தமிழாக்கியதும், காந்தளூர்ச் சாலை குறித்து ஆராய்ந்ததும் அவருடைய பிற பணிகளுள் சில.

ஓய்வுக்காலத்தைப் புத்தேரியில் கழித்த கவிமணி, 1954ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த மண் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இவற்றினும் பெரிய சிறப்பு ஒன்று நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. எங்கோ ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு தாய் பசுவையும் கன்றையும் பாடுகிறாள். அடியின் கடைசிச் சொல்லை மட்டும் குழந்தை தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கிறது. தாய் அள்ளி அணைத்துக்கொள்கிறாள். மக்களைப் பெறாத கவிமணியின் சொல், அக்குழந்தையின் நாவில் முதற்சொற்களுள் ஒன்றாகப் பிறக்கிறது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் முதலில் பேசிய சொற்கள் யாவை என்பதைப் பெற்றோரிடமோ பாட்டி, தாத்தாவிடமோ கேட்டறிந்து, அவற்றுள் இதழ் பொருந்தப் பிறக்கும் ஒலிகள் எத்தனை எனக் காண்க.

2. உங்கள் பகுதியில் வழங்கும் தாலாட்டு, சப்பாணி, நிலாப் பாடல்களைத் திரட்டி வகுப்பறையில் பாடிக் காட்டுக.

3. பிள்ளைகள்மீது அன்பு கொள்வதும் அவர்தம் உரிமையைக் காப்பதும் ஒன்றே என்னும் பொருளில், கவிமணியின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.