கவலைக்குக் கடிவாளம்

கள்ளிக்குப்பத்தில் நாம் கண்விழிக்கும்போதே கவலையும் நம்மோடு சேர்ந்து விழித்துக்கொள்கிறது. தொழிற்பேட்டையில் பார்க்கும் வேலை நிலைக்குமா? வீட்டுக்கடன் தவணையை இந்த மாதம் கட்ட முடியுமா? பிளஸ் டூ எழுதும் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? மழைக்காலம் வந்தால் தெருவில் தண்ணீர் ஏறுமா? இப்படி இருப்பவரிடம் கவலைப்படாதே என்று சொல்வது எளிது. ஆனால் அந்தச் சொல்லால் மட்டும் யாருடைய கவலையும் தீர்ந்ததில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? சிறுவயது முதலே அச்சத்தோடு வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று சிந்திப்போம். அவர் நாம் எல்லாரும் அறிந்த மகாத்மா காந்தி.

1869 அக்டோபர் 2-ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் மிகவும் பயந்த பிள்ளை. இருட்டு, பேய், திருடர், பாம்பு என எல்லாவற்றுக்கும் பயம். விளக்கு எரியாத அறையில் அவருக்குத் தூக்கம் வராது. அவர்கள் வீட்டில் பணிபுரிந்த ரம்பா என்ற பெண்மணி, பயம் வரும்போது இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி கற்றுக்கொடுத்தார். சிறுவன் அதைச் சில காலமே செய்தான். ஆனால் அன்று விழுந்த விதை வீண்போகவில்லை. பிற்காலத்தில் அதுவே அவருடைய வாழ்நாள் செபமாயிற்று.

1888-இல் சட்டம் படிக்க இலண்டன் சென்றார். கையில் பணம் குறைவு. அங்கே இரண்டு பழக்கங்களைக் கைக்கொண்டார். ஒன்று, கணக்கு எழுதுவது. பத்திரிகை வாங்கிய காசைக்கூட எழுதிவைத்து, இரவு படுக்கும் முன் மீதியைச் சரிபார்ப்பார். மற்றொன்று, நடை. வண்டிக்குச் செலவு செய்யாமல் ஒரு நாளில் எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தார்.

ஆனால் கூச்சம் மட்டும் விடவில்லை. சைவ உணவாளர் சங்கக் கூட்டத்தில் தம் கருத்தை எழுதிக்கொண்டு போவார். அதை வேறொருவர்தான் வாசிப்பார். வழக்கறிஞராகி நாடு திரும்பியபின் பம்பாய் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்குக்காக எழுந்து நின்றார். தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய்க் கட்டணத்தையும் விட்டுவிட்டு வெட்கத்தோடு வெளியேறினார்.

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு டர்பனில் அவருடைய அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலித் தொழிலாளி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் இரத்தம் வழிந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். காந்தி முதலில் அவரைத் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். இறுதியில் அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட வழி செய்தார்.

1896-இல் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரத்தை எடுத்துச்சொல்லத் தாயகம் வந்தார். செப்டம்பர் மாதம் பம்பாய்க் கூட்டத்தில் உடல் நடுங்கியது. குரல் எழவில்லை. அவருடைய உரையை வேறொருவர் வாசிக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26-ஆம் நாள், சென்னையில் பேசினார். நாம் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் எளிதில் போய்ச் சேரக்கூடிய பாரிமுனைப் பகுதியில்தான் பச்சையப்பன் மண்டபம் இருக்கிறது. அங்கே அவர் நீண்ட உரையாற்றினார். சென்னை மக்கள் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டார்கள். பாலசுந்தரத்தின் கதை அவர்களை உருக்கிற்று. தமக்காகப் பேச நா எழாதவருக்கு, பிறர் காயத்துக்காகப் பேசக் குரல் கிடைத்தது.

பிற்கால வாழ்வில் சிறைகளும் பெரும் பொறுப்புகளும் வந்தன. ஆனாலும் அவருடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. விடியுமுன் செபம், மாலையில் செபம், தினமும் நடை, தினமும் இராட்டையில் நூற்பு. திங்கட்கிழமை மௌனம். அன்று எதையாவது சொல்ல வேண்டுமானால் காகிதத் துண்டில் எழுதிக் காட்டுவார். இலண்டனில் வாசித்த நம் ஆண்டவரின் மலைப்பொழிவு அவர் நெஞ்சில் பதிந்திருந்தது. 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன் இயற்றிய 'லீட், கைண்ட்லி லைட்' என்ற பாடல் அவருடைய ஆசிரமச் செபங்களில் இடம்பெற்றது. இருளில் வழி தெரியாத பயணி ஒளியை வேண்டும் செபம் அது.

இத்தனை பழக்கங்கள் இருந்தும் அவருக்குக் கவலை வராமல் இல்லை. 1930-களில் கடுமையான இரத்த அழுத்தத்தால் துன்பப்பட்டார். மருத்துவர்கள் சொன்னபடி வேலையை நிறுத்தி ஓய்வெடுத்தார். 1948 சனவரி 30-ஆம் நாள் மாலைச் செபத்துக்கு நடந்து போகும் வழியில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அன்பார்ந்தவர்களே, குதிரையைக் கொல்வதற்கல்ல, அதன் ஓட்டத்தை அடக்கி நடத்தவே கடிவாளம். இந்தப் பழக்கங்களும் அப்படித்தான். இவற்றுக்குப் பணம் வேண்டாம், படிப்பும் வேண்டாம். தவணையை நினைத்துத் தூக்கம் வராதவர் படுக்கும் முன் அன்றைய செலவை ஒரு நோட்டில் எழுதலாம். பதறும் நேரத்தில் இயேசுவின் திருப்பெயரை மெதுவாகச் சொல்லலாம். காலையில் அரை மணி நேரம் நடக்கலாம். வாரத்தில் சில மணி நேரமாவது தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்து மௌனமாக இருக்கலாம். நம்மைவிடத் துன்பப்படும் ஒருவர் வீட்டுக்குப் போய்வரலாம். இவற்றையெல்லாம் செய்தும் தூக்கமும் பசியும் கெட்டுப்போனால் தயங்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இவற்றில் எதை இன்றிரவே தொடங்கப் போகிறோம்?