கலப்பைக்குக் கை கொடுத்த ஹாரி பெர்குசன்



டிராக்டர் நம் எல்லாருக்கும் பழகிய வண்டி. ஆனால் அதன் பின்பக்கத்தை உற்றுக் கவனித்தவர்கள் குறைவு. கீழே இரண்டு இரும்புக் கைகள், மேலே நடுவில் ஒரு கை, ஆக மூன்று கைகள் அங்கே இருக்கும். கலப்பையோ, புல்வெட்டும் கருவியோ அந்த மூன்று கைகளில்தான் மாட்டப்படும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு சின்னப் பிடியை ஒரு பக்கம் நகர்த்தினால் கருவி மேலே ஏறும். மறுபக்கம் நகர்த்தினால் கீழே இறங்கும். இதற்கு மும்முனை இணைப்பு என்று பெயர். பார்க்கச் சும்மா மூணு கம்பி மாதிரி தெரியும். ஆனால் அது எத்தனையோ ஓட்டுநர்களின் உயிரைக் காத்தது. அதை உலகுக்குத் தந்தவர்தான் ஹாரி பெர்குசன்.

இவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, அயர்லாந்தின் வடபகுதியில் துரோமோர் என்ற ஊருக்கு அருகே ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். தகப்பனார் மிகவும் கண்டிப்பானவர். மகனுக்கோ வயல் வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. 1902-இல் பெல்பாஸ்ட் நகரில் தம் அண்ணன் நடத்திய சைக்கிள், மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயந்திரங்களைக் கழற்றி மாட்டியே தொழில் பழகினார். 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளில், தாமே கட்டிய விமானத்தில் ஏறி சுமார் 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 25.

1911-இல் சொந்தமாகப் பட்டறை வைத்தார். பிறகு முதல் உலகப் போர் வந்தது. உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1917-இல் அயர்லாந்து விவசாய வாரியம் அவரை அழைத்து, பண்ணைகளில் ஓடும் டிராக்டர்களைப் பார்வையிட்டு, அவை நன்றாக வேலை செய்ய வழி காட்டும்படி கேட்டுக்கொண்டது. வில்லியம் சாண்ட்ஸ் என்ற திறமையான மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெர்குசன் ஊர் ஊராகப் போனார்.

அங்கே அவர் கண்டது என்ன? மாட்டுக்குப் பின்னால் ஏர் கட்டுவது போலவே டிராக்டருக்குப் பின்னாலும் கலப்பையைக் கட்டி இழுத்தார்கள். இதில் பெரிய ஆபத்து இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ கலப்பை மாட்டிக்கொள்ளும். கலப்பை நகராது, எஞ்சினோ நிற்காது. அப்போது டிராக்டரின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு, வண்டியே பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழும். அந்தக் காலத்து டிராக்டர்களில் இப்படிப் பலர் மாண்டுபோனார்கள். காலையில் வேலைக்குப் போன மனிதர் மாலையில் வீடு திரும்பவில்லை என்றால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிராக்டரும் கலப்பையும் தனித்தனியாக இருக்கக் கூடாது, இரண்டும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்று பெர்குசன் முடிவு செய்தார். முதலில் கலப்பையை டிராக்டரோடு விறைப்பாகப் பிணைத்துப் பார்த்தார். வேறொரு தொல்லை வந்தது. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் கலப்பை ஆழமாக இறங்கியது. பள்ளத்தில் இறங்கினால் கலப்பை மேலே வந்தது. உழவு ஒரே சீராக அமையவில்லை. கலப்பையின் உயரத்தை யார் கவனிப்பது? இந்த ஒரே கேள்விக்கு விடை தேடி அவர் பல ஆண்டுகள் உழைத்தார். 1925-இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

அந்த விடை இதுதான். கலப்பை ஆழமாகப் போனால் மண் அதை அதிகமாக எதிர்க்கும். அப்போது கலப்பை முன்பக்கம் சாயப் பார்க்கும்; மேல் கை அழுந்தும். அந்தக் கை ஒரு சுருள்வில்லைத் தள்ள, வில் எண்ணெய் வால்வைத் திறந்துவிடும். எண்ணெய் அழுத்தத்தால் கீழ்க் கைகள் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். எதிர்ப்பு குறைந்தால் கலப்பை தானாகவே இறங்கும். ஓட்டுநர் ஒரு தடவை பிடியை வைத்துவிட்டால் போதும். மற்றதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். அது மட்டுமல்ல. கலப்பையின் பாரம் பின்சக்கரங்களை அழுத்துவதால், எடை குறைந்த டிராக்டர்கூட மண்ணை நன்றாகப் பற்றி இழுக்கும். கலப்பை பாறையில் முட்டினாலும், மேல் கை டிராக்டரை முன்பக்கமாகத் தள்ளி, முன்சக்கரங்களைத் தரையோடு பிடித்து வைக்கும். சக்கரம் சுழலுமே தவிர, வண்டி கவிழாது.

1933-இல் பெர்குசன் கறுப்பு நிறத்தில் ஒரு மாதிரி டிராக்டரைச் செய்தார். 1936-இல் இங்கிலாந்தில் டேவிட் பிரவுன் என்பவரோடு சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுமார் 1,350 வண்டிகளே செய்யப்பட்டன. 1938-இல் அமெரிக்கா போய், ஹென்றி போர்டுக்கு எதிரில் தம் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். போர்டு வியந்து போனார். இருவரும் கை குலுக்கி உடன்பாடு செய்துகொண்டார்கள். பத்திரம் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. 1939-இல் வெளிவந்த அந்த டிராக்டர் லட்சக்கணக்கில் விற்றது.

பெரியவர் போர்டின் பொறுப்பு அவர் பேரனிடம் வந்ததும் நிலைமை மாறியது. உடன்பாடு முறிந்தது. 1947-இல் போர்டு நிறுவனம் பெர்குசனை விட்டு விலகித் தனியாக டிராக்டர் விற்கத் தொடங்கியது. பெர்குசன் சோர்ந்து உட்காரவில்லை. 1948-இல் வழக்குத் தொடுத்தார். 1952-இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடாகக் கிடைத்தது. ஆனால் அவர் கேட்டதோ 25 கோடி டாலருக்கு மேல்! வாய்ப்பேச்சை மட்டும் நம்பியதால் வந்த வினை இது. எதையும் எழுத்தில் வாங்கி, படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். எழுத்தறிவின் பயனும் இதுவே அல்லவா?

இதற்கிடையில் 1946-இலேயே இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் அவருடைய சாம்பல் நிறச் சிறு டிராக்டர் தயாராகத் தொடங்கியது. 1956 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. அதில் ஒரு குறையும் இருந்தது. மண்ணின் எதிர்ப்பை வைத்தே உயரம் மாறியதால், மண்ணுக்குள் இறங்காத கருவியை ஒரே உயரத்தில் நிறுத்துவது எளிதாக இல்லை. பின்னால் வந்த டிராக்டர்களில் அதற்கென்று தனி ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்தை அடைந்ததும் பெர்குசன் டிராக்டர்களில்தான்.

1953-இல் அவருடைய நிறுவனம் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அதுவே பிறகு மாஸி பெர்குசன் ஆயிற்று. அதன் கூட்டுறவோடு 1960-இல் நம் சென்னை மாநகரிலும் டிராக்டர் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி பெர்குசன் காலமானார்.

மாணவமணிகளே! பெர்குசன் பெரிய கல்லூரியில் படித்தவர் அல்லர். வயல் வேலையை வெறுத்து ஓடிய பிள்ளைதான், பிற்காலத்தில் உழவரின் உயிருக்குக் காவலாக நின்றார். கண் முன்னே ஓர் ஆபத்தைக் கண்டார். அது விதி என்று விட்டுவிடவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டார். விடை கிடைக்கும்வரை ஓயவில்லை. நீங்களும் அப்படிக் கேட்டுப் பழகுங்கள். அப்பா அம்மா செய்யும் வேலையிலே எது கஷ்டம், எது ஆபத்து என்று பாருங்கள். அதை மாற்றுகிற கை உங்கள் கையாகவும் இருக்கலாம்.