ஏழைத் தாய்மாரின் இரத்தத்துக்கு வழி கண்ட லூசி வில்ஸ்



இன்று சிலாங்கூரின் தலைநகராக நிமிர்ந்து நிற்கும் ஷா ஆலம் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் விளைந்த மண். அந்நாளைய லயங்களில் பிள்ளை வயித்துலயே செத்துப் பிறந்தால், விதி என்போம், கண்ணேறு என்போம். தாயின் உடம்பில் இரத்தம் இருந்ததா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்ட ஒரு பெண்மணியின் கதையை இன்று சொல்லுகிறோம்.

டாக்டர் லூசி வில்ஸ் 1888 மே 10ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தார். வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் தாவரவியல் படித்தார். முதல் உலகப்போர் மூண்டபோது தென்னாப்பிரிக்காவில் தாதியாகத் தொண்டு செய்தார். பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920ல் டாக்டரானார். பணம் சேர்க்கும் வைத்தியத்தில் அவர் மனம் போகவில்லை. நோய்க்கு மூலம் எது என்று தேடுவதிலேயே நின்றது.

1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதே இரத்தம் வற்றி, முகம் வெளுத்து, மடிந்துகொண்டிருந்தார்கள். முதலில் கிருமி என்று சந்தேகித்துச் சோதித்தார். கிருமி காரணமில்லை. பிறகுதான் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காயும் கீரையும் பழமும் அவர்கள் தட்டில் அபூர்வம். வறுமைதான் நோய்க்கு வேர் என்று புரிந்தது. நம் தமிழ்நாட்டுக்கும் வந்தார். 1929ல் குன்னூரிலும், 1931ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஈரல் சத்து கொடுத்தால் குணம் தெரிந்தது. ஆனால் ஏழைக்கு அது கட்டுபடியாகுமா? மலிவாக ஒன்றைத் தேடி, பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்த மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். நாம் கஞ்சியில் கலந்து குடிக்கிறோமே, அதே கறுப்பு மார்மைட்தான்! சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931ல் இதை உலகுக்கு எழுதினார். அதில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். 1941ல் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள்.

லூசி திருமணம் செய்துகொள்ளவில்லை. முதிய வயதில் லண்டன் செல்சியில் தொழிற்கட்சி கவுன்சிலராகவும் உழைத்து, 1964 ஏப்ரலில் காலமானார். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் மாத்திரை எடுத்தால் குழந்தையின் தண்டுவடக் குறையைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்று 1991ல் மெய்ப்பிக்கப்பட்டது.

தங்கச்சிமார்களே, அந்தம்மா பட்ட பாடு நமக்காகத்தான். பிள்ளை தங்கியது தெரிந்ததும் கிளினிக்குக்குப் போய்ப் பதியுங்கள். அங்கே கொடுக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் மாத்திரைகளைத் தூக்கி எறியாதீர்கள். தேத்தண்ணியோடும் விழுங்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போகாதீர்கள். புகையிலை, சம்சு வேண்டாம். மருந்து அடிக்கும் வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏழாம் மாதத்துக்குமேல் ஒருக்களித்துப் படுங்கள். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அண்ணன்மார்களே, மாமியார்மார்களே! எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பிள்ளைகள் தவறிவிடுவதுண்டு. அந்தத் தாயைப் பழி சொல்லாதீர்கள். அவள் தட்டில் முட்டையும் கீரையும் விழுகிறதா என்று பாருங்கள். 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள் என்பது சட்டம். கொடுக்க மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

கூலியும் சோறும் சரியாக இருந்தால்தான் தொட்டில் ஆடும். லூசி வில்ஸ் நமக்குக் காட்டிய பாடம் அதுதான்.