மெட்டும் சொல்லும்: மீனாட்சியம்மாளின் வாழ்க்கைப் பணி

நோர்வூட்டிலிருந்து டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு பஸ் ஏறிய நாட்களை நம்மில் எவரும் மறந்திருக்கமாட்டோம். டியூஷனுக்கும் சந்தைக்கும், பிறகு உத்தியோகத்துக்கும் நாம் போய்வந்த அந்தப் பாதையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்காக ஒரு பெண் பேனா பிடித்தார், மேடையேறிப் பாடினார். அவர் பெயர் மீனாட்சியம்மாள். கோ. நடேசய்யரின் மனைவி என்றே பலர் அறிவர். பாடகி, பத்திரிகையாளர், தொழிற்சங்கவாதி என்று அவரைத் தனியே அறிந்தவர்கள் குறைவு. வீடு, வேலை, எழுத்து மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்கப் பாடுபடும் நமக்கு, அவர் வாழ்க்கையில் அறிய வேண்டியது உண்டு.

தஞ்சையிலிருந்து வந்த நடேசய்யர், வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத அக்காலத்தில், துணி வியாபாரி போல வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1924இல் அவர் தொடங்கிய 'தேசபக்தன்' பத்திரிகையில் மீனாட்சியம்மாளும் உழைத்தார். அதன் ஆசிரியப் பொறுப்பையும் சுமந்தார். பத்திரிகை வேலை என்பது கட்டுப்பாடான வேலை. குறித்த நாளில் இதழ் வெளிவர வேண்டும்; அச்சுக்கோப்பவர் காத்திருப்பார். வீட்டில் அடுப்பும் காத்திருக்கும். இரண்டையும் பார்த்துக்கொண்டே அவர் பெண்களுக்காக எழுதினார். 1927இன் இறுதியில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது, அந்தக் கோரிக்கையைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு அந்த வாக்கு, இந்நாட்டில் நிலையாக வாழ்பவர் என்று காட்டும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே கிடைத்தது.

அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தப் பெண்களின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தப்புச் சத்தம், பெரட்டு, மலை, கொழுந்து நிறுவை, மறுபடியும் மலை, இருட்டும் வேளையில் லயத்துக்குத் திரும்பினால் அடுப்பும் பிள்ளைகளும். எந்த மணித்தியாலத்தையும் அவர்கள் வகுக்கவில்லை. துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் வகுத்தார்கள். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் குறைந்தபட்ச நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மழையும் வெயிலும் அட்டைக்கடியும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தன.

இப்படி வகுக்கப்பட்ட நாளுக்குள் ஒரு புதிய சொல்லை எப்படி நுழைப்பது? பத்திரிகையை வாங்கினாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் லயத்துக்கு ஓரிருவரே. நீண்ட பிரசங்கம் ஒரு நாளில் மறந்துபோகும். மீனாட்சியம்மாள் கண்ட வழி பாட்டு. 1931இல் நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். கூட்டங்களில் முதலில் அம்மையார் பாடுவார். பிறகே ஐயர் பேசுவார். பாரதியின் பாடல்களையும் பாடினார், தாமே கட்டிய பாடல்களையும் பாடினார்.

சனங்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளையே அவர் எடுத்துக்கொண்டார். மெட்டு ஒரு கட்டுப்பாடு. அதற்குள் சீர் குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது. ஆனால் அந்த மெட்டு கேட்பவளின் மனத்தில் முன்பே இருந்தது. சொல்லை மட்டும் புதிதாக வைத்தால் போதும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கை இரண்டும் வேலையில் இருக்கும், வாய்க்கு விலங்கு இல்லை. தொட்டிலை ஆட்டும்போதும் விறகு பொறுக்கும்போதும் பாடலாம். படிப்பறியாத பெண்ணும் காவிச் செல்லக்கூடிய பத்திரிகையாக அந்தப் பாட்டு இருந்தது. தோட்டத்து வாசலில் எந்தக் காவற்காரனாலும் அதைப் பறிக்க முடியாது.

1936இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தெரிவானார். 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர்களை நீக்கும் முடிவு வந்தது. உழைத்து உருவாக்கிய நாட்டிலிருந்து வெளியேறு என்ற அந்தக் குரலுக்கு மீனாட்சியம்மாள் பாட்டாலேயே மறுமொழி சொன்னார். இலங்கையில் இந்தியரின் வாழ்க்கை நிலையைப் பாடும் அந்தப் பாடல்கள் 1940இல் சிறு நூலாக வந்தன. வேலைநிறுத்தங்களும் கைதுகளும் மலிந்த ஆண்டு அது. ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஆட்சியாளரைக் கண்டித்துப் பெயர் போட்டு நூல் வெளியிடுவது அப்போது சிறிய காரியமல்ல.

அவருடைய சுதந்திரம், வேலைகளிலிருந்து விடுபட்டுக் கிடைத்த சுதந்திரமல்ல. எழுதுவதற்கென்று ஓய்வான ஒரு காலம் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. சங்கத்துக்குக் கூட்டம் இருந்தது, கூட்டத்துக்குப் பாட்டு வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்குள்ளேயே தம் கற்பனைக்கு இடம் கண்டார். வீட்டுக் கடமையும் ஊர்க்கடமையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காப்பது அவருக்கும் இலகுவாக இருந்திருக்காது. இன்று பாடக்குறிப்பும், வைத்தியசாலை இரவுக் கடமையும், பிள்ளைகளின் பரீட்சையும் நம் நாட்களை வகுக்கின்றன. 'நேரம் கிடைத்தால் எழுதுவேன்' என்று நாம் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் கழிகின்றன.

சாரல் நாடன் போன்ற ஆய்வாளர்கள் தேடி எழுதியிராவிட்டால் மீனாட்சியம்மாளின் பெயரும் நமக்கு எட்டியிருக்காது. அச்சில் ஏறியதால் அவர் பாட்டுகள் மிஞ்சின. நம் அம்மாமார், அப்பாயிமார், அம்மாயிமார் மலையில் பாடியவை ஏட்டில் ஏறவில்லை. அவற்றை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். இந்த நூற்றாண்டு மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டுபோங்கள். அம்மா சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டையாவது எழுதி வாருங்கள். அரைமணி நேரம் போதும்.