கூடைப்பந்து வீரர் ஜோ லாப்சிக்

விளையாட்டையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி மலரில் எழுதுவது தகுமோ என்று நம்முள் சிலர் வினவக்கூடும். பொழுதுபோக்கிற்காக ஆடுபவன் உயர்ந்தோன் என்றும், பொருளுக்காக ஆடுபவன் கூலியாள் என்றும் பிரித்துப் பேசுவது நெடுநாளைய வழக்கம். மாணவராகிய நாம் அவ்வழக்கில் சிறிது பெருமையும் கொள்கிறோம். ஆயின் அமெரிக்க நாட்டில் இவ்விருசாராரும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட காலம் ஒன்று வந்தது. அப்போது கல்லூரி மாணவரின் மானத்தைக் காக்க முன்வந்தவர்களுள் ஒருவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கூலிக்குப் பந்தாடிய ஒரு தொழிலாளி. ஜோ லாப்சிக் என்னும் அவரது வாழ்க்கையை நாம் அறிவது தகுதியே.

இவர் 1900-ஆம் ஆண்டு ஏப்பிரல் 12-ஆம் நாள், நியூயார்க்கு நகரை அடுத்த யாங்கர்ஸில் பிறந்தார். பெற்றோர் மத்திய ஐரோப்பாவிலிருந்து பிழைப்பு நாடிக் குடியேறியவர்கள். குடும்பத்தின் வறுமையால் சிறுவன் பள்ளியை விட்டுத் தொழிற்சாலை சென்றான். உடலோ ஆறடி ஐந்தங்குலமாக வளர்ந்தது. இந்நாளில் கூடைப்பந்து ஆடுவோர்க்கு அது பெரிய உயரமன்று. அந்நாளில் கண்டோர் நகைக்கத்தக்க உயரம் அது. பகலில் இயந்திரங்களோடு உழைத்து, மாலையில் ஓர் ஆட்டத்துக்குச் சில டாலர் கூலி பெற்று ஆடத் தொடங்கினான்.

அக்காலத்துக் கூடைப்பந்தை இன்று நம் கல்லூரித் திடலில் ஆடப்படும் ஆட்டமென்று எண்ணிவிடக் கூடாது. 1891-இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் வை. எம். சி. ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இவ்வாட்டத்தைக் கண்டமைத்தார். (அப்பள்ளியின் வழிவந்த ஹாரி குரோ பக் என்பாரே 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர் என்பதை நம் விளையாட்டு அன்பர்கள் நினைவிற் கொள்க.) கூலிக்கு ஆடுவோரின் களமோ பெரும்பாலும் நடனசாலையாகவே இருந்தது. பல இடங்களில் களத்தைச் சுற்றிக் கம்பிவலையோ கயிற்றுவலையோ கட்டியிருப்பர்; கூண்டினுள் விலங்குபோல் வீரர் மோதுவர். ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்ததும், அதை மீண்டும் களத்தின் நடுவே கொணர்ந்து இரு குழுவின் நடுவீரர்க்கும் இடையே நடுவர் மேலெறிவார். எனவே எகிறிப் பந்தைத் தட்டித் தன் தோழர்க்கு அனுப்ப வல்ல நடுவீரன் ஒருவன் இருப்பின், அக்குழுவின் கையை விட்டுப் பந்து அகலுவது அரிது. 1937-வரை நின்ற இவ்விதியே லாப்சிக்கின் உயரத்துக்கு விலை தேடித் தந்தது. ஒரே காலத்தில் பல குழுக்களுக்கு ஆடி, எவர் மிகுதியாகத் தருவாரோ அவர்பால் சென்றார். இதை மறைக்க வேண்டுவதில்லை; அது அவர் பிழைப்பு.

1923-இல் ‘ஒரிஜினல் செல்டிக்ஸ்’ என்னும் புகழ்பெற்ற நியூயார்க்குக் குழுவில் சேர்ந்தார். பின்னர்த் தோன்றிய பாஸ்டன் நகரத்துக் குழு வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்கற்க. நாட் ஹோல்மன், டச்சு டெனர்ட்டு முதலிய வல்லுநர் இவருடைய தோழர். தனியொருவன் புகழை நாடாது, பந்தை நொடியில் கைமாற்றி ஐவரும் ஒருவராய் இயங்குவதே அவர்கள் கலை. 1927, 1928 ஆகிய ஈராண்டும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் வெற்றிப்பட்டம் அவர்க்கே கிட்டியது. எதிர்ப்பாரின்றி வென்றமையால் பார்வையாளர்க்குச் சுவை குன்றிற்று; வலிமை மிக்க குழு என்ற காரணத்துக்காகவே அதனைக் கலைத்தனர்! குழுவின் உரிமையாளர் ஜேம்ஸ் பியூரியோ, தாம் காசாளராயிருந்த பெருங்கடையின் பணத்தைக் கையாடிச் சிறை புகுந்தார். ஆக, அழுக்குப் பணம் எத்தகையது என்பதை லாப்சிக் இளமையிலேயே அருகிருந்து கண்டார். பின் கிளீவ்லாந்துக் குழுவில் சேர்ந்து மேலும் இரு பட்டங்கள் பெற்று, அதன்பின் மறுபடி கூடிய செல்டிக்ஸோடு ஊர் ஊராகச் சுற்றினார்.

அச்சுற்றுப்பயணங்களில் அவர்க்கு நிகரான எதிரிகள், பாப் டக்ளஸ் என்பவர் ஹார்லெமில் 1923-இல் அமைத்த ‘ரெனைசன்ஸ்’ என்னும் கறுப்பர் குழுவினர். இவர்கள் ஒருமுறை தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றனர். 1933-இல் அத்தொடரை அறுத்தவர் செல்டிக்ஸ் குழுவினரே. ஆட்டத்தில் இத்துணைப் புகழ் பெற்றிருந்தும், பல ஊர்களில் உணவுவிடுதியில் அமரவும் தங்குமிடத்தில் உறங்கவும் ரெனைசன்ஸ் குழுவினர்க்கு இடமில்லை. இனக்கலப்பைப் பொறாத கூட்டம் அரங்கிலும் நிறைந்திருக்கும். ஆட்டம் தொடங்குமுன் நடுவீரர் இருவரும் கைகுலுக்குவது மரபு. லாப்சிக் கைகுலுக்குவதோடு நில்லாமல், எதிர்க்குழுவின் நடுவீரர் டார்சன் கூப்பரை எல்லாரும் காணத் தழுவிக்கொள்வார். அது வெறும் மரியாதையன்று. அந்நாளைய நடுவீரருள் கூப்பரே தலைசிறந்தவர் என்பது இவர் கருத்து; அக்கருத்தை மறைக்க இவர் மனம் ஒப்பவில்லை.

1936-இல் புரூக்லினிலிருந்த புனித யோவான் பல்கலைக்கழகம் இவரைப் பயிற்சியாளராக அழைத்தது. உயர்நிலைப் பள்ளியையும் காணாதவர் பட்டம் பெறப்போகும் இளைஞர்க்கு ஆசிரியரானார்! தம் படிப்புக் குறைவை எண்ணி முதலில் அவர் பெரிதும் கூசினார். களத்தில் அஞ்சாதவர், களத்தின் ஓரத்தில் அமர்ந்ததும் நடுங்கலானார். 1943-இலும் 1944-இலும் இவருடைய மாணவர் தேசிய அழைப்புப் போட்டியில் அடுத்தடுத்து வாகை சூடினர். அதற்குமுன் எந்தக் கல்லூரியும் அவ்வாறு செய்ததில்லை. இரண்டாம் முறை வென்ற இறுதியாட்டத்தின் நடுவே, கவலை மிகுந்து பயிற்சியாளர் மயங்கி விழுந்தார் என்பர். வாழ்நாள் முழுதும் இந்நோய் அவரை விட்டிலது.

1947 முதல் 1956 வரை ‘நியூயார்க்கு நிக்ஸ்’ என்னும் தொழில்முறைக் குழுவைப் பயிற்றினார். 1951, 1952, 1953 ஆகிய மூன்றாண்டும் அக்குழு இறுதிப்போட்டி வரை சென்று மும்முறையும் தோற்றது. முதன்முறை மூன்று ஆட்டம் தோற்று, அடுத்த மூன்றும் வென்று, ஏழாம் ஆட்டத்தை நான்கே புள்ளியில் இழந்தது. எனினும் அப்பணியில் நாம் போற்றுவது வேறொன்று. 1950-இல் அச்சங்கத்தின் குழுக்களில் முதன்முதலாகக் கறுப்பின வீரர் மூவர் ஆடப் புகுந்தனர். அவருள் ஒருவரான நாட் கிளிப்டன் நிக்ஸ் குழுவைச் சேர்ந்தவர். இதற்காக யாங்கர்ஸில் லாப்சிக்கின் வீட்டெதிரே மரத்தில் அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டனர். ஐந்து வயதான மகன் ரிச்சர்டு அதனைச் சாளரத்தின் வழியே கண்டான். தொலைபேசியிலும் வசைமாரி பொழிந்தது. தந்தை தம் முடிவினின்றும் பெயரவில்லை.

அடுத்த ஆண்டிலேதான் நாம் முன்னர்க் கூறிய சோதனை வந்தது. எந்தக் குழு வெல்லும் என்பதன்மேல் மட்டுமன்றி, எத்தனை புள்ளி மிகுதியால் வெல்லும் என்பதன்மேலும் அமெரிக்கச் சூதாடிகள் பந்தயம் கட்டுவர். ஆகவே ஆட்டக்காரன் தோற்க வேண்டுவதில்லை. பத்துப் புள்ளியில் வெல்லத்தக்க ஆட்டத்தை நான்கு புள்ளியில் வென்றாற் போதும், சூதாடிக்குச் செல்வம் கொழிக்கும். தன் கல்லூரிக்குத் தீங்கில்லை என்று மாணவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள இஃது எளிய வழி. 1951-இல் இவ்வஞ்சகம் வெளிப்பட்டபோது ஏழு கல்லூரிகளைச் சார்ந்த 30-க்கு மேற்பட்ட ஆட்டக்காரர் சிக்கினர். முந்திய ஆண்டில் இரு பெரும் பட்டங்களையும் ஒருசேர வென்று புகழின் உச்சியிலிருந்த நியூயார்க்கு நகரக் கல்லூரியின் வீரர் கைதாயினர். அவர்தம் பயிற்சியாளர், லாப்சிக்கின் பழைய தோழராகிய நாட் ஹோல்மன். ஹோல்மனும் பணிநீக்கப்பட்டு, பின்னரே குற்றமற்றவரென மீண்டும் ஏற்கப்பட்டார்.

தொழில்முறை ஆட்டக்காரருள் களங்கமுற்றோர் இலர் என்று நாம் சொல்லவில்லை. 1954-இல் அவருள் ஒருவரும் தம் குழுவின்மேலேயே பந்தயம் கட்டியமைக்காக நீக்கப்பட்டார். ஆயினும் ஆசைக்காக ஆடுவோரென்று போற்றப்பட்ட மாணவர் விலைபோனதைக் கண்டு கூலிக்கு ஆடிய லாப்சிக் பதறினார். செய்தித்தாள்களிலிருந்து அவ்வழக்குகளின் நறுக்குகளைத் திரட்டி ஓர் ஏட்டில் ஒட்டலானார். கைவிலங்குடன் செல்லும் இளைஞர் படங்களும் அதில் இருந்தன. உடல்நலம் கெட்டு நிக்ஸ் குழுவை விட்டு 1956-இல் புனித யோவானுக்கு மீண்ட பின்னர், அவ்வேட்டைத் தம் மாணவர் கையிற் கொடுத்துப் படிக்கச் செய்தார். நீண்ட அறிவுரை கூறும் திறம் தமக்கில்லை என அவர் எண்ணியிருக்கலாம். அறிவுரையினும் அந்நறுக்குகள் நன்றாகப் பேசியிருக்குமென நமக்குத் தோன்றுகிறது. 1961-இல் அக்கேடு மீண்டும் வெடித்தது. முன்னினும் மிகுதியான கல்லூரிகள் அதில் அகப்பட்டன. ஏட்டின் தேவை தீரவில்லை.

1959-இல் மூன்றாம் முறையாகத் தேசிய அழைப்புப் போட்டியை இவர் குழு வென்றது. 65 வயதில் ஓய்வுபெற வேண்டுமென்பது பல்கலைக்கழக விதி. அவ்விதிப்படி இறுதியான 1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாட்டின் முதற்குழுவென மதிக்கப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 75-க்கு 74 என ஒரே புள்ளியில் இவர் மாணவர் வீழ்த்தினர். மார்ச்சு 20-ஆம் நாள் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவருடைய கடைசி ஆட்டம் நடந்தது. வில்லனோவாவை 55-க்கு 51 என வென்று, நான்காம் முறையாக அதே பட்டத்தைத் தம் ஆசிரியர்க்குக் கொடுத்து மாணவர் விடையளித்தனர். அவருடைய துணைவர் லூ கார்னசெக்கா பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டில் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் லாப்சிக்கின் பெயர் பொறிக்கப்பட்டது.

1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அவர் மறைந்தார். மகன் ரிச்சர்டு விளையாட்டில் நிறவேற்றுமையை ஆராயும் அறிஞராக வளர்ந்து, ஐந்து வயதில் சாளரத்தின் வழியே தாம் கண்ட கொடும்பாவியைப்பற்றிப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் எழுதினார்.