முதற்காலம்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெரு ஒன்றில், என் பதினைந்தாம் வயதில், நான் கிட்டார் பயின்றேன். பைலாப் பாட்டுக்கு வாசிப்போரின் விரல்கள் பறப்பதைக் கண்டு, என் விரல்களும் அவ்வாறே பறக்க வேண்டுமெனத் துடித்தேன். விரல்கள் பறந்தன, சுரங்களோ சிதறின. எனக்குக் கற்பித்த முதியவர் வீணையும் அறிந்தவர். அவர் கிட்டாரிலேயே சரளி வரிசையை வாசிக்கச் செய்தார். தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். அது பிசகாது வந்த பின்னரே இரண்டு. அதுவும் அமைந்த பின்னரே நான்கு. பிசகினால் மீண்டும் முதற்காலம். நான் சலிப்புற்ற ஒரு மாலையில் அவர் என் கையில் கொடுத்தது, விபுலானந்த அடிகளின் யாழ் நூல்.

அடிகள் எங்கள் ஊருக்குப் புதியவர் அல்லர். 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்து, மயில்வாகனன் என்னும் பெயரோடு வளர்ந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கினார். 1924இல் இராமகிருஷ்ண மிஷனில் துறவு பூண்டு, மறு ஆண்டு ஈழம் திரும்பி, மிஷன் பள்ளிகளை வளர்த்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் தொண்டினைப் பெற்றது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். மறைந்துபோன யாழை மீட்டெடுக்க முனைந்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே அவருக்கு வழிகாட்டி. உரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் பௌதிக நூலின் கண்கொண்டு நோக்கினார்.

யாழுக்குக் கிட்டாரைப்போல் மெட்டுகள் இல்லை. ஒரு சுரத்திற்கு ஒரு நரம்பு. நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால், குரலுக்கு இளி பிறக்கும். அந்த இளியைக் குரலாகக் கொண்டால் அடுத்தது பிறக்கும். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி நீளும்போது, முதற்கண்ணியில் நேர்ந்த மயிரிழைப் பிழையும் இறுதிவரை தொடரும். ஆதலின் அவர் விரையவில்லை. கணக்கிட்டார், மீண்டும் கணக்கிட்டார்.

இமயத்து மாயாவதியில் ஆங்கில இதழொன்றின் ஆசிரியராக இருந்தபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானபோதும், இப்பணி அவரை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ 14 ஆண்டுகள் இவ்வாறு சென்றன. இடையில் உடல்நலமும் குன்றியது. இன்னும் காத்திருப்பின் நூல் வெளிவராது போகலாம். அவசரப்பட்டு வெளியிட்டால் அது வெறும் ஊகமாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே அவர் நடந்தார்.

1947 ஜூன் 5, 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ் நூல் அரங்கேறியது. வெள்ளப் பெருக்கிலே ஓடக்காரனின்றிச் சம்பந்தர் ஓடத்தில் ஆற்றைக் கடந்த தலம் அது. அச்சம்பந்தரே எங்கள் கோணேசரையும் பாடியவர். அவர் பாடலுக்கு யாழிசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அத்தகைய தலத்தில் நூல் அரங்கேறியது எத்துணைப் பொருத்தம்! நூல் அரங்கேறிய ஆறு வாரங்களில், ஜூலை 19ஆம் நாள், அடிகள் இறையடி சேர்ந்தார்.

இதனை எண்ணுந்தோறும் என் நெஞ்சு நடுங்கும். ஆறு வாரங்கள் தாழ்த்திருந்தால், ஆசிரியர் இல்லாத அரங்கேற்றமாகவே அது முடிந்திருக்கும். பொறுமை என்பது காலத்தை வீணடிப்பதன்று. தவறாத ஒன்றை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் செல்லும் ஒழுக்கமே பொறுமை என்பதை அன்று உணர்ந்தேன். விரைவை அவர் தேடிச் செல்லவில்லை, செம்மையைத் தேடினார். உரிய காலத்தில் விரைவு தானே வந்து சேர்ந்தது.

அந்த நூலின் கணக்குகளில் பெரும்பகுதி அன்று எனக்கு விளங்கவில்லை. ஆயினும் மறுநாள் கிட்டாரை எடுத்து, முதற்காலத்திலிருந்து தொடங்கினேன். உட்துறைமுகத்துப் படகுகள் அசைவற்று நின்றன. ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். மூன்றாம் காலம் கைவர எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அன்று விரல்கள் பறந்தன; ஒரு சுரமும் சிதறவில்லை.