11 படுக்கைகளில் தொடங்கிய கணக்கு: டாக்டர் வெங்கடசாமியின் வாழ்க்கை

பணம் செலுத்த இயலாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் தனியார் மருத்துவமனை ஒன்று, நன்கொடையை நம்பாமல் தனது சொந்த வருவாயிலேயே வளர முடியுமா? 1976ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, தமது வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளை இக்கேள்விக்கு விடை காண்பதிலேயே செலவிட்டார்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரத்திற்கு அருகேயுள்ள அயன்வடமலாபுரம் என்ற சிற்றூரில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவரே மூத்தவர். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்ட அவர், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று விரும்பினார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்று, 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் படிப்பை முடித்து, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

ஆனால் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. கைவிரல்கள் கோணின. 1948இல் இராணுவப் பணியை விட்டு விலக நேர்ந்தது. மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்ற நிலையில் கண் மருத்துவத்திற்கு மாறி, 1951இல் அதில் பட்டயம் பெற்றார். கோணிய விரல்களுக்குள் அறுவைக் கத்தியைப் பிடித்து நிறுத்தத் தாமே பழகிக்கொண்டார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளை அவர் செய்ததாகக் கணக்கிடப்படுகிறது.

அரசுப் பணியில் கற்றது

1956 முதல் இருபது ஆண்டுகள் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்கும், எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் பிரிவுக்கும் அவர் தலைமை வகித்தார். கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பார்வையிழந்தோரில் பெரும்பாலோர் கண்புரையால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதும், சிறியதோர் அறுவைச் சிகிச்சையால் அவர்களுக்குப் பார்வை திரும்பும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அறுவைச் சிகிச்சையாளர்கள் மிகச் சிலரே என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

ஓய்வுபெற்றதும் கோவெல் அறக்கட்டளையை நிறுவி, ஸ்ரீ அரவிந்தரின் பெயரில் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. குடும்பத்தினரின் வீடும் நகைகளும் அடகுக்குச் சென்றன. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் ஆகியோர் உள்ளிட்ட குடும்பத்தாரே முதற் பணியாளர்கள். வந்த வருவாயில் மிஞ்சியதைக் கொண்டே கட்டடம் மாடி மாடியாக உயர்ந்தது.

பணியைப் பிரித்தளித்த விதம்

அமெரிக்கப் பயணங்களின்போது மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை அவர் கூர்ந்து கவனித்தார். எந்த ஊரிலும் ஒரே தரத்தில், சாதாரண இளைஞர்களைக் கொண்டே உணவு தயாரித்து வழங்க முடிகிறதென்றால், கண்புரை அறுவைச் சிகிச்சையையும் அவ்வாறு ஒழுங்குபடுத்தலாம் என்பது அவரது எண்ணம். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியது எது, பயிற்சி பெற்ற பிறர் செய்யக்கூடியது எது என்று வேலைகள் பிரிக்கப்பட்டன. அறுவை அரங்கில் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையை முடிக்கும்போது, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார்.

பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம் அளத்தல், நோயாளிக்கு விளக்கமளித்தல், அரங்கில் உதவுதல் ஆகிய பணிகளைப் பெண்களே மேற்கொண்டனர். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, உதவித்தொகையுடன் இரண்டாண்டுப் பயிற்சி பெற்றனர். மதிப்பெண்ணைக் காட்டிலும் மனப்பாங்கிற்கே முதலிடம் தரப்பட்டது. பெற்றோரையும் அழைத்துப் பேசிய பின்னரே சேர்த்துக்கொண்டனர். மருத்துவமனையின் பணியாளர்களில் பெரும்பான்மையினர் இவர்களே.

கட்டணம் செலுத்துவோருக்கும் இலவசப் பிரிவினருக்கும் அறை வசதி வேறுபட்டது; ஆனால் அதே மருத்துவர்களே இரு பிரிவுகளிலும் சுழற்சி முறையில் பணியாற்றினர். சிகிச்சை இலவசமானாலும் பேருந்துக் கட்டணத்திற்கும் உணவுக்கும் வழியின்றி ஏழைகள் வராதிருந்ததைக் கண்டு, முகாம்களிலிருந்து அவர்களை அழைத்துவந்து திருப்பி அனுப்பும் பொறுப்பையும் மருத்துவமனை ஏற்றது.

விலை கொடுத்தவர்கள்

இந்த வெற்றிக்குப் பணியாளர்களும் ஒரு விலை கொடுத்தனர். வேலை நேரம் நீண்டது. மருத்துவர்களின் ஊதியம் பிற தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவு. வெளியே தனிப்பட்ட முறையில் சிகிச்சை அளிக்கவும் அனுமதி இல்லை. நிறுவனர் ஊதியம் பெறாமல் தமது ஓய்வூதியத்தில் வாழ்ந்தார், திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஆனால் குடும்பமும் பிள்ளைகளும் உடையவர்களிடம் அதே துறவை எதிர்பார்க்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் சிலர் விலகிச் சென்றனர். ஊதியத்தை உயர்த்த வேண்டியதாயிற்று. ஒருவரின் அர்ப்பணிப்பை மட்டும் நம்பி நிறுவனம் நிலைக்காது என்பதைக் குடும்பத்தினரும் நிர்வாகிகளும் உணர்ந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். பயிற்சி முறைகளும் கணக்குகளும் எழுதப்பட்ட ஒழுங்குகளாயின.

1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் இந்த வளர்ச்சியின் மற்றொரு கட்டம். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை அப்போது இறக்குமதியாகி, ஒன்று ஏறத்தாழ 100 டாலருக்கு விற்றது. மதுரையில் தயாரானபோது அதன் விலை சுமார் 10 டாலராகக் குறைந்தது. தடித்த கண்ணாடியோடு திரும்பிய ஏழை நோயாளிக்கும் செயற்கை வில்லை எட்டக்கூடியதாயிற்று. பின்னர் அவ்வில்லைகள் பல நாடுகளுக்கும் சென்றன.

2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி டாக்டர் வெங்கடசாமி காலமானபோது மதுரை, தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஐந்து இடங்களில் மருத்துவமனைகள் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடைபெற்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்பட்டவை.

அவருடைய மறைவுக்குப் பின்னரும் நிறுவனம் தளரவில்லை. புதிய மருத்துவமனைகள் எழுந்தன. நிறுவனரின் ஆளுமையே எல்லாம் என்று எண்ணியோருக்கு இது ஒரு விடை. வெளிநாடுகளில் சேமித்த பணத்தைக் கொண்டு பிறந்த ஊரில் மருத்துவமனை எழுப்ப விரும்பும் தமிழர்கள் பலர் கட்டடத்தையும் கருவிகளையும் பற்றியே முதலில் யோசிக்கின்றனர். அங்கே வேலைக்கு வரப்போகிற பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு யார், எவ்வளவு காலம் பயிற்சி அளிப்பது என்பதிலிருந்து டாக்டர் வெங்கடசாமியின் கணக்கு தொடங்கியது.